பசளை மானியப் பணம்: வயலைச் செய்பவரின் கைக்கு அது சேரும் வழி



நெற்செய்கையாளர்களுக்கு அரசாங்கம் வழங்கிவரும் உதவிகளுள் நீண்டகாலமாக நடைபெறுபவற்றுள் ஒன்று பசளை மானியமாகும். இம்மானியத்தைப் பெறாத நெற்செய்கைக் கிராமம் இலங்கையில் இல்லை எனலாம். ஆயினும், மானியம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது, எந்தப் பதிவைக் கொண்டு வழங்கப்படுகின்றது, எக்காரணத்தால் ஒருவருக்குக் கிடைத்தும் அடுத்த வயலைச் செய்பவருக்குக் கிடையாமலும் போகின்றது என்பவற்றைத் தெளிவாக அறிந்தவர்கள் மிகச் சிலரே. பணம் வராதபோது உத்தியோகத்தர்மீது குறை கூறுகின்றோம். வந்துவிட்டால் காரணம் கேளாது செலவு செய்கின்றோம். இவ்விரண்டும் கமத்தொழிலுக்கு நன்மை தருவன அல்ல.

இச்சிறு பிரசுரம் ஒரே ஒரு விடயத்தை வற்புறுத்துகின்றது. அது யாதெனில், மானியம் முன்னர் பசளை மூட்டையோடு வந்தது; பணமாக வழங்கப்படும்போது அது இடாப்பிலுள்ள பெயரோடு வருகின்றது என்பதாம். ஆகவே, தமது பெயரையும் தாம் செய்யும் வயலின் விஸ்தீரணத்தையும் இடாப்பில் சரியாகப் பதிவு செய்துகொள்ளாத கமக்காரர், எவ்வளவு பாடுபட்டு உழைப்பவராயினும், மானியத்தை இழக்க நேரிடும்.

மானியம் என்பது யாது?

ஒரு பொருளை உற்பத்தி செய்வதற்காகும் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் பொதுப்பணத்திலிருந்து தானே ஏற்றுக்கொள்வது மானியம் எனப்படும். பசளையைப் பொறுத்தவரை இதனை இரண்டு விதமாகச் செய்யலாம். முதலாவது, பசளையின் விலையைக் குறைத்து விற்பது. மூட்டையின் உண்மையான விலைக்கும் கமக்காரர் கொடுக்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இங்கு அரசாங்கம் செலுத்துகின்றது. இரண்டாவது, பசளையைச் சந்தை விலைக்கே விற்கவிட்டு, கமக்காரரின் கையில் பணத்தைக் கொடுப்பது. இம்முறையில் பணத்தின் அளவு, பயிரிடப்படும் நிலத்தின் அளவைக் கொண்டு தீர்மானிக்கப்படும்.

இரு முறைகளிலும் செலவாவது பொதுப்பணமே. அது வரியாகவோ கடனாகவோ நாட்டு மக்கள் அனைவரும் சுமக்கும் பணமாகும். சோற்றுக்கு அரிசியை விலை கொடுத்து வாங்கும் கூலித்தொழிலாளியும் அதில் ஒரு பங்கைச் செலுத்துகின்றார். நெல்லின் விளைச்சல் பெருகி அரிசி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவர் எதிர்பார்க்கும் கைம்மாறு. மானியத்தை வாங்கும் நாம் இதனை மறத்தல் ஆகாது.

மானியம் கடந்து வந்த பாதை

இலங்கையில் இன்று நாம் அறிந்த பசளை மானியத் திட்டம் 1962 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1958 இல், பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்னும் நெல்லினம் வெளியிடப்பட்டிருந்தது. பழைய நெல்லினங்கள் பசளையை அதிகம் இட்டால் வளர்ந்து சாய்ந்துவிடும். புதிய இனங்களோ இட்ட பசளைக்கேற்ப அதிக மணியைக் கொடுத்தன. ஆனால் பசளை வாங்கும் வசதி எல்லாக் கமக்காரருக்கும் இருக்கவில்லை. புதிய விதையின் பயன் வறிய கமக்காரரையும் அடைய வேண்டுமாயின் பசளை அவருடைய கைக்கு எட்டும் விலையில் இருத்தல் வேண்டும். மானியம் பிறந்ததன் நோக்கம் இதுவே.

அன்று தொட்டு இன்றுவரை மானியம் ஒரே நிலையில் நின்றதில்லை. 1990 இல் அது முற்றாக நிறுத்தப்பட்டது. 1994 இல் மீண்டும் வழங்கப்பட்டது. 1997 முதல் யூரியாவுக்கு மாத்திரம் மானியம் என்று வரையறுக்கப்பட்டது. 2005 இன் இறுதியில் நெற்செய்கைக்குரிய மூன்று பசளைகளும் 50 கிலோகிராம் மூட்டை ஒன்று 350 ரூபா வீதம் வழங்கப்படலாயின. 2016 இல் மூட்டைக்குப் பதிலாகப் பணம் வழங்கும் முறை வந்தது. நெல்லுக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 25,000 ரூபா என்று நிருணயிக்கப்பட்டது. 2018 இல் அம்முறை கைவிடப்பட்டு மூட்டை 500 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. 2020 இல் நெற்செய்கைக்குப் பசளை இலவசமாயிற்று.

2021 மே மாதத்தில் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021/22 பெரும்போகத்தின் விளைச்சல் நாடெங்கும் பெருமளவில் வீழ்ச்சியடைந்ததை நாம் யாவரும் கண்டோம். அதன் பின்னர், 2022/23 பெரும்போகத்தில் மீண்டும் பணமுறை வந்தது. ஒரு ஹெக்டேயர் வரை செய்தோருக்கு 10,000 ரூபாவும், இரண்டு ஹெக்டேயர் வரை செய்தோருக்கு 20,000 ரூபாவும் வழங்கப்பட்டன. 2024/25 பெரும்போகத்தில் இத்தொகை ஹெக்டேயர் ஒன்றுக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஹெக்டேயர் என்பதே உச்ச எல்லை.

இவ்வரலாற்றிலிருந்து கமக்காரர் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. மானியத்தின் அளவும் முறையும் அடிக்கடி மாறக்கூடியவை. ஆகவே மானியத்தை மாத்திரம் நம்பிப் பயிர்ச்செய்கையைத் திட்டமிடுதல் கூடாது என்பது முதலாவது. முறை மாறும்போது பயனடைவோரும் மாறுகின்றனர் என்பது இரண்டாவது. இவ்விரண்டாவது பாடத்தைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மூட்டையோடு வரும் மானியமும் பெயரோடு வரும் மானியமும்

பசளை மலிவு விலையில் மூட்டையாக வழங்கப்பட்ட காலத்திலும் இடாப்பில் பெயர் இருக்க வேண்டியிருந்தது. ஆயினும், காணிச் சொந்தக்காரரின் பெயரில் மூட்டை வழங்கப்பட்டாலும், வேறு ஊரில் வாழும் அவருக்கு அம்மூட்டையால் நேரடிப் பயன் இல்லை. பெரும்பாலும் அது வயலைச் செய்பவரிடமே வந்து சேர்ந்தது. பசளை பயன்படும் இடம் வயல். ஆகவே மானியமும் வயலுக்கே வந்தது.

அம்முறையில் குறைகளும் இருந்தன. மலிவாகக் கிடைக்கும் பொருளை மனிதர் அளவின்றிப் பயன்படுத்துவது இயல்பு. யூரியாவுக்கு மாத்திரம் மானியம் இருந்த காலத்தில் யூரியாவை அதிகமாகவும் மற்றைய இரண்டையும் குறைவாகவும் இடும் பழக்கம் பரவிற்று. பயிர் கரும்பச்சையாகச் செழித்து நின்றது. ஆனால் பூச்சியும் நோயும் பெருகின, நெற்பயிர் சாய்ந்தது. நெல்லுக்கென்று வந்த பசளை வேறு பயிர்களுக்குச் சென்ற சந்தர்ப்பங்களும் உண்டு.

பணமுறை இக்குறைகளிற் சிலவற்றை நீக்குகின்றது. எந்தப் பசளையை எவ்வளவு வாங்குவது என்பதைக் கமக்காரரே தீர்மானிக்கலாம். மண் பரிசோதனைப்படி ஒரு பசளையைக் குறைத்தால் மீதிப் பணம் அவருடையது. சாணமும் கூட்டெருவும் இட்டுப் பசளைச் செலவைக் குறைப்பவர் அதற்காகத் தண்டிக்கப்படுவதில்லை. ஆனால் பணத்துக்கு வயலும் வீடும் ஒன்றே. எவருடைய வங்கிக் கணக்கில் அது வரவு வைக்கப்படுகின்றதோ அவருக்கே அது சொந்தமாகின்றது. வயலில் இறங்காதவரின் கணக்கில் வந்த பணம் தானாக வயலுக்கு நடந்து வருவதில்லை. இதனாலேயே, பணமுறையில் இடாப்பின் முக்கியத்துவம் பன்மடங்காகப் பெருகியுள்ளது.

கணக்கு

மேலே கூறிய 2024/25 பெரும்போக வீதத்தை உதாரணமாகக் கொள்வோம். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஆகும்.

1 ஏக்கர் செய்பவர் பெறுவது ஏறத்தாழ 10,100 ரூபா.
2½ ஏக்கர் செய்பவர் பெறுவது 25,000 ரூபா.
5 ஏக்கர் செய்பவர் பெறுவது 50,000 ரூபா.
10 ஏக்கர் செய்பவர் பெறுவதும் அதே 50,000 ரூபா.

பத்து ஏக்கர் செய்பவருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5,000 ரூபாவே கிடைக்கின்றது. உச்ச எல்லை வைத்ததன் நோக்கம், சிறு கமக்காரருக்கு ஏக்கர் விகிதத்தில் கூடிய உதவி கிடைக்க வேண்டும் என்பதே. இவ்வெல்லைக்கு உட்பட்டவர்கள் விஸ்தீரணத்தைச் சரியாகப் பதிவதில் மிகுந்த கவனம் செலுத்தல் வேண்டும். மூன்று ஏக்கர் செய்பவர் இடாப்பில் இரண்டு ஏக்கர் என்று பதியப்பட்டிருந்தால், ஒரு போகத்தில் அவர் இழப்பது 10,000 ரூபாவுக்கு மேலாகும். ஆண்டுக்கு இரண்டு போகமும் செய்பவருக்கு இந்நட்டம் இருமடங்கு.

இதற்கு மாறாக, செய்யாத நிலத்தைச் செய்ததாகக் காட்டிப் பணம் பெறுதல் பெருந்தவறாகும். அது பொதுப்பணத்தைக் களவாடுவதாவதோடு, இன்னொரு தீங்கையும் விளைவிக்கின்றது. இவ்விடாப்புகளிலுள்ள விஸ்தீரணத்தைக் கொண்டே எவ்வளவு பசளை தேவை, எவ்வளவு நெல் விளையும் என்பன மதிப்பிடப்படுகின்றன. விதைக்காத நிலத்தை விதைத்ததாகக் காட்டினால் மதிப்பீடு பிழைக்கும். பிழைத்த மதிப்பீட்டின் விளைவு அடுத்த போகத்தில் நம்மையே வந்து சேரும்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்வோர்

எமது வயல்களில் ஒரு பெரும் பங்கைச் சொந்தக்காரர் அல்லாதோரே செய்கின்றனர். உழவு, விதை, பசளை, நாசினி, அறுவடை ஆகிய செலவுகள் யாவும் இவர்களுடையன. வெள்ளமோ வரட்சியோ வந்தால் முதலில் நட்டப்படுபவரும் இவரே. பசளைச் செலவைக் குறைக்கவென்று வழங்கப்படும் பணம், பசளைச் செலவைச் செய்பவருக்கே சேர வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

சட்டமும் இவர்களை மறந்துவிடவில்லை. விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தன அவர்கள் கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரரின் உரிமைக்குப் பாதுகாப்பளித்தது. அதன்கீழ் அமைந்த பயிர்ச்செய்கைக் குழுக்கள் நெற்காணி இடாப்பைப் பேணின. பின்னர் வந்த சட்டங்களின் வழியே அவ்வொழுங்கு தொடர்ந்து, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இச்சட்டப்படி பேணப்படும் விவசாயக் காணி இடாப்பு காணிச் சொந்தக்காரரை மாத்திரமன்றி, காணியைச் செய்பவரையும் குறிக்க வேண்டிய ஆவணமாகும்.

ஆயினும் நடைமுறையில் நிகழ்வது யாது? எனது பிரிவில் நான் கண்ட ஒரு சம்பவத்தைக் கூறுகின்றேன். அறுபது வயதைக் கடந்த ஒரு கமக்காரர் எட்டு ஆண்டுகளாக மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்து வருகின்றார். ஒரு பெரும்போகத்தில் அயல் வயற்காரர் அனைவருக்கும் மானியப் பணம் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. காணிச் சொந்தக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டாரோ என்று ஐயுற்று, அவரோடு மனத்தாங்கலும் கொண்டார். இடாப்பைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அவ்வயல், சொந்தக்காரரின் தந்தையார் பெயரிலேயே பதிவாகியிருந்தது. தந்தையார் இறந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இறந்தவரின் பெயருக்கு எவரும் பணம் அனுப்புவதில்லை. ஆகவே சொந்தக்காரருக்கும் கிடைக்கவில்லை, செய்பவருக்கும் கிடைக்கவில்லை.

“தம்பி, பசளை மூட்டையாய் வந்த காலத்தில் யாருடைய பெயரில் வருகிறது என்று நான் பார்த்ததில்லை. கரைவலையில் மீன் வருமாப்போல வயலுக்கு வந்து சேர்ந்தது” என்று அப்பெரியவர் கூறினார். அவர் இழந்த தொகை 30,000 ரூபாவுக்குச் சற்று அதிகம். ஆனால் நட்டம் அவ்வளவோடு நிற்கவில்லை. பணம் வரும் என்று நம்பிக் கடையிற் கடனுக்கு யூரியா வாங்கியிருந்தார். அக்கடனைத் தீர்ப்பதற்காக, நெல்லைக் காயவைத்து விலை ஏறும்வரை வைத்திருக்க இயலாமல், அறுத்த களத்திலேயே ஈரநெல்லாக விற்க நேர்ந்தது. இடாப்பில் ஒரு பெயர் பிழையாக இருந்தமையால் ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பில் ஒரு பகுதி வீணாயிற்று.

பின்னர் சொந்தக்காரர் தந்தையாரின் மரணச் சான்றிதழோடும் காணிப் பத்திரங்களோடும் நேரில் வந்தார். இருவரும் ஒன்றாகக் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, உரிமையாளர் பெயரையும் செய்பவர் பெயரையும் திருத்திப் பதிந்தனர். அடுத்த போகத்தில் பணம் செய்பவரின் கணக்குக்கு வந்தது. பணத்தைவிட, அவர்களிடையே இருந்த மனத்தாங்கல் நீங்கியதே பெரிது என்று அப்பெரியவர் என்னிடம் சொன்னார்.

காணிச் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. செய்பவரின் பெயரை இடாப்பிற் பதிந்தால் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தாற் சிலர் தயங்குகின்றனர். உரிமையாளரின் பெயர் உரிமையாளர் என்றே இடாப்பில் நிற்கும். குத்தகையின் காலத்தையும் நிபந்தனைகளையும் எழுத்தில் வைத்துக்கொள்வது இருபாலாருக்கும் பாதுகாப்பு. மானியத்தைக் காரணமாகக் கொண்டு குத்தகையை உயர்த்துவதும் முறையன்று. அவ்வாறு உயர்த்தினால், அரசாங்கம் பசளைக்கென்று கொடுத்த பணம் குத்தகையாக மாறிவிடும். வயலுக்குப் பசளை குறையும். விளைச்சல் குறைந்தால் அடுத்த ஆண்டு குத்தகை செலுத்தவும் செய்பவரால் இயலாது போகும்.

போகம் தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. உமது பிரிவுக்குரிய கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, இடாப்பில் உமது வயலுக்குரிய பக்கத்தை நேரிற் பார்வையிடுக. பிறர் சொல்வதைக் கேட்டு இருந்துவிடலாகாது.

2. பெயர், அடையாள அட்டை இலக்கம், வயலின் பெயர், விஸ்தீரணம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சரிபார்க்குக. அடையாள அட்டையிலுள்ள பெயரும் வங்கிப் புத்தகத்திலுள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருத்தல் வேண்டும். ஓர் எழுத்து மாறுபட்டாலும் பணம் திரும்பிச் செல்லக்கூடும்.

3. உரிமையாளர் இறந்திருந்தால், அல்லது காணி பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டிருந்தால், தாமதியாது இடாப்பைத் திருத்துவிக்குக. பிரித்த காணியின் ஒவ்வொரு பங்கும் தனித்தனியே பதியப்படல் வேண்டும்.

4. குத்தகைக்குச் செய்பவர் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வைத்திருக்குக. ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தால், காணிச் சொந்தக்காரரை உடன் அழைத்துச் சென்று உத்தியோகத்தர் முன்னிலையிற் பதிந்துகொள்க.

5. உழவுக்கு முன் நடைபெறும் போக ஆரம்பக் கூட்டத்துக்குத் தவறாது சமூகமளிக்குக. எவ்வளவு நிலம் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது என்பன அங்கேயே தீர்மானிக்கப்படுகின்றன. வாய்க்கால் நீர் பெறும் குளங்களின் கீழ், அத்தீர்மானத்துக்குப் புறம்பாக விதைத்த நிலத்துக்கு மானியம் பெறுவது கடினம்.

6. உமது கமக்கார அமைப்பில் அங்கத்தவராயிருந்து, விதைத்தவர்களின் பட்டியல் தயாரிக்கப்படும்போது உமது பெயர் உள்ளதா என்று பார்க்குக. பட்டியல் அனுப்பப்பட்ட பின்னர் முறையிடுவதிலும், அனுப்பப்படுமுன் திருத்துவது இலகு.

7. பணம் வராவிடின் எழுத்திலே முறைப்பாடு செய்து, அதற்குரிய பற்றுச்சீட்டையோ திகதியிட்ட பிரதியையோ பெற்றுக்கொள்க. வாய்ச்சொல்லுக்குக் கோவையில் இடமில்லை.

பணத்தைப் பயிராக்கும் வழி

மானியப் பணம் முழுவதும் பசளைச் செலவுக்குப் போதாது. பசளைச் செலவுக்கு ஒரு கைகொடுப்பே அது. எனவே வாங்கும் ஒவ்வொரு கிலோவும் மணியாக மாறும்படி இடுதல் வேண்டும்.

உலர்வலயத்தில் நீர்ப்பாசனத்தோடு செய்யப்படும் மூன்றரை மாத நெல்லினத்துக்கு, 2013 இன் பரிந்துரைப்படி ஹெக்டேயர் ஒன்றுக்கு யூரியா 225 கிலோவும், மும்மைச் சுப்பர் பொசுபேற்று 55 கிலோவும், மியூரியேற்றுப் பொட்டாசு 60 கிலோவும் வேண்டும். ஏக்கர் கணக்கில் இது யூரியா ஏறத்தாழ 90 கிலோ, மற்றைய இரண்டும் முறையே 22 கிலோ, 24 கிலோ வரை ஆகும். வயது கூடிய இனங்களுக்கும், மானாவாரி வயல்களுக்கும், ஈரவலயத்துக்கும் அளவு வேறுபடும். உமது வயலுக்குரிய அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

யூரியாவை ஒரே தடவையில் இடுதல் பணத்தை நீரிற் கரைத்தலுக்கு ஒப்பாகும். அதிலுள்ள நைதரசன் காற்றோடும் நீரோடும் விரைவிற் கலந்து நீங்கும் தன்மையுடையது. விதைத்து இரண்டு வாரம் தொடங்கி ஏழு வாரம் வரை, நான்கு தடவைகளாகப் பிரித்து இடுக. இடும்போது வயலில் நீர் மெல்லியதாக நிற்க வேண்டும்; வாய்க்கடையை அடைத்து, சில நாட்களுக்கு நீர் வெளியேறாமற் பார்க்க வேண்டும். மழை இருட்டும் நாளில் இடற்க. இலையின் நிறத்தைப் பார்த்து, பயிர் போதிய பசுமையாயிருந்தால் ஒரு தடவையின் அளவைக் குறைக்கலாம்.

பொசுபரசு மண்ணில் தங்கிநிற்கும் தன்மையுடையது. பல போகங்களாக இட்டுவந்த வயலில் அது போதியளவு சேர்ந்திருக்கக்கூடும். மண்ணைப் பரிசோதித்து, போதுமென்று காணப்பட்டால் அப்பசளையைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம். பொட்டாசியத்தின் பெரும்பகுதியோ வைக்கோலில் இருக்கின்றது. வைக்கோலைக் களத்தில் எரிப்பவர் பொட்டாசுப் பசளையையே எரிக்கின்றார். அதனை வயலிற் பரப்பி உழுதுவிடுபவருக்கு மண்ணும் வளம்பெறும், பொட்டாசுச் செலவும் குறையும்.

பணம் பிந்தி வரலாம். பயிர் பிந்தி வளராது. முதலாம் மேற்பசளைக்குரிய நாளில் கையிற் பணமில்லையென்றால் அந்நாள் மீண்டும் வராது. ஆகவே, அறுவடையில் வரும் பணத்தில் அடுத்த போகத்தின் அடிக்கட்டுப் பசளைக்கும் முதலாம் மேற்பசளைக்கும் வேண்டிய தொகையை ஒதுக்கி வைப்பது நன்று. மானியம் வந்ததும் அத்தொகையை நிரப்பிக்கொள்ளலாம். கடைக்கடனுக்கு வட்டி கட்டுவதிலும் இது எவ்வளவோ மேல்.

மரக்கறிச் செய்கையாளர் கவனத்துக்கு

பசளை மானியத்தின் முதல் நோக்கம் நெல்லே. மரக்கறிச் செய்கையாளர் பல போகங்களில் இம்மானியத்தின் முழுப்பயனைப் பெற்றதில்லை. ஆயினும் தோட்டக் காணியைப் பதிந்துவைப்பது வீண்வேலையன்று. கடன் வசதியும், பயிர்க் காப்புறுதியும், அனர்த்த நட்டஈடும் பதிவைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. 2024 நவம்பர் வெள்ளத்தின் பின்னர், நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு 100,000 ரூபா வரை நட்டஈடு அறிவிக்கப்பட்டது. செய்த பயிரும் விஸ்தீரணமும் பதிவில் இல்லாதவர், அழிந்த பயிருக்கு எதைக் காட்டி நட்டஈடு கேட்பார்?

யாழ்ப்பாணப் பகுதியில் விஸ்தீரணத்தைப் பரப்பிலே கூறுவது வழக்கம். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கராகும். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 40 பரப்பு. பதியும்போது எந்த அளவையிற் கூறுகின்றோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

பசளையை அளவோடு இடுவதில் தோட்டக்காரருக்கு மேலுமொரு கடமை உண்டு. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாகி நிலத்தடி நீரிற் கலக்கின்றது. நாம் குடிக்கும் கிணறும் அந்நீரிலேயே ஊறுகின்றது. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களிலோ பொசுபரசு தேவைக்கு மேலாகச் சேர்ந்துள்ளமை மண் பரிசோதனைகளால் அறியப்பட்டுள்ளது. ஆதலின், மலிவாகக் கிடைத்தது என்பதற்காகப் பசளையை வாரியிறைத்தல் கூடாது. சாணத்தையும் கூட்டெருவையும் முதலில் இட்டு, குறையை மாத்திரம் அசேதனப் பசளையால் நிரப்புக.

முடிவுரை

மானியம் யாரும் போடும் பிச்சையன்று. நாட்டுக்கு உணவளிக்கும் தொழிலுக்கு நாடு தரும் பங்கு. ஆதலின் அதனைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே வேளை, அது செய்யும் நிலத்துக்கும் செய்பவருக்கும் உரியது. செய்யாத நிலத்துக்கும் செய்யாதவருக்கும் உரியதன்று.

அடுத்த போகத்துக்கு உழவு தொடங்குமுன், ஒருநாட் காலை வேளையை ஒதுக்கி, அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குச் செல்வீராக. எழுதப் படிக்க இயலாத அயலவர் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்வீராக. இடாப்பில் உமது பெயரும் உமது வயலின் விஸ்தீரணமும் சரியாக இருப்பதைக் கண்ணாரக் கண்டபின் ஏரைப் பூட்டுவீராக. அந்த ஒரு காலை வேளை, போகம் முழுவதற்கும் பயன் தரும்.